தண்ணீர்ப் பெட்டியில் கிடந்த பதினான்கு உறைகள்

டிரை ஃபோர்க், ஐடஹோ
நவம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை

மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய அத்தான் கிளிஃப்டன் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் ஆரின் டேக்கெட் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் லவோனும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும், நடீன் அக்காவும், அக்காவின் முட்டிவலியும், உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பசிபிக் பெருங்கடலும் நலம்தானே. போன மாதம் அனுப்பிய பாலாடைக்கட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. மரியாதை இத்துடன் போதும் என்று நினைக்கிறேன், விஷயத்துக்கு வருகிறேன். அத்தான், நான் ஜெயிலுக்குப் போய்விடுவேன் போலிருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் பேச எனக்குப் பயமாக இருக்கிறது. யார் கேட்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். நீங்கள் முப்பது வருஷம் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர், எத்தனையோ திருடர்களின் பெயரை உங்கள் கையால் எழுதியிருப்பீர்கள், அந்த வரிசையில் என் பெயரும் வந்தால் நடீன் அக்கா சர்ச்சில் எப்படித் தலைநிமிர்ந்து உட்காருவாள்? அதனால் நீங்களே படித்து, நீங்களே ஒரு வழி சொல்லி, படித்து முடித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட வேண்டும். உறையையும் சேர்த்து.

நாங்கள் முப்பத்தொரு வருஷமாகக் குடியிருக்கும் வீடு எங்களுடையது அல்ல, பாசன வாரியத்துடையது என்பது உங்களுக்குத் தெரியும். வாய்க்கால் பார்க்கிறவன் வாய்க்கால் ஓரத்திலேயே கிடக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் கட்டிப் போட்டது. இப்போது மடை ஷட்டர்களை எல்லாம் ஊருக்குள் உட்கார்ந்தபடி போனிலேயே ஏற்றி இறக்க ஒரு கருவி வந்திருக்கிறதாம், அதை வாங்குவதற்காக எங்கள் வீட்டையும் அதைச் சுற்றியுள்ள அரை ஏக்கரையும் விற்றுவிடலாம் என்று வாரியத் தலைவர் ராய்ஸ் ஹம்மெல் கோடையிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் வாரியத்துச் சொத்தை அவர் பாட்டுக்கு விற்க முடியாது, சட்டம் விடாது, வாய்க்கால் தண்ணீர் பாய்கிற நிலம் வைத்திருக்கும் அத்தனை பேரிடமும் ஓட்டு வாங்க வேண்டும். மொத்தம் அறுபத்தொரு பேர். எனக்கு நிலம் இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. லவோனுக்கு அவள் அப்பா விட்டுப்போன ஐந்து ஏக்கர் புல்வெளி இருப்பதால் அவளுக்கு உண்டு. ஓட்டுச்சீட்டைத் தபாலில் அனுப்பினார்கள். விற்கலாமா, ஆம் அல்லது இல்லை, ஒன்றில் குறி போட்டு, உறையில் வைத்து ஒட்டி, வெளியே கையெழுத்துப் போட்டு, செவ்வாய்க்கிழமைக்குள் ஆபீசில் சேர்க்க வேண்டும். சேர்த்தார்கள். எண்ணினார்கள். ஆம் இருபத்திரண்டு, இல்லை பதினேழு. மார்ச் முதல் தேதிக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும்.

அந்தப் பதினேழில் ஒன்று லவோனுடையது, அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மீதிப் பதினாறு பேர் யாரென்று யோசித்தபடி செவ்வாய் இரவு முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். புதன்கிழமை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, வாசலில் உள்ள தண்ணீர்ப் பெட்டியைக் கழுவி வைக்கலாம் என்று போனேன். அங்கேதான் அத்தான் என் தலையில் இடி விழுந்தது.

அந்தப் பெட்டி உங்களுக்கு நினைவிருக்கும். பட்டாளத்தில் கழித்துப் போட்ட வெடிமருந்துப் பெட்டி, பச்சை வர்ணம் அடித்து, மேலே பிளவு வைத்து, வாரியத்தின் பெயர் எழுதி வாசல் கம்பத்தில் பூட்டி வைத்திருக்கிறோம். நாளைக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் சீட்டு எழுதி அதில் போடுவார்கள், வேண்டாம் என்றாலும் சீட்டு, பக்கத்து வயல்காரன் தண்ணீரைத் திருடுகிறான் என்றாலும் சீட்டு. வரிப் பணத்துக்கான காசோலையைக் கூட அதில்தான் போடுவார்கள், வெள்ளிக்கிழமைதோறும் நான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய் ஆபீசில் கொடுப்பேன். ஆகஸ்டில் யாராவது தோட்டத்தில் மிஞ்சிப்போன சீமைச் சுரைக்காயைக்கூட அதற்குள் திணிக்கப் பார்ப்பார்கள். ஆனால் அக்டோபர் நடுவில் தண்ணீரை நிறுத்திவிட்டால் அப்புறம் ஏப்ரல் வரை அந்தப் பெட்டியை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சீட்டே வராத மாதத்தில் எதற்குத் திறக்க வேண்டும். புதன்கிழமை திறந்தேன். உள்ளே ஒரு எலிக்கூடு. எலிக்கூட்டுக்கு மேலே, ஒழுங்காக ஒட்டி, வெளியே கையெழுத்துப் போட்டு, பதினான்கு ஓட்டு உறைகள்.

புரிகிறதா அத்தான்? முப்பது வருஷப் பழக்கம். வாரியத்துக்கு எது கொடுப்பதானாலும் கை தன்னால் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். தபால்தலையும் மிச்சம். ஆரின் வெள்ளிக்கிழமை ஆபீசுக்குக் கொண்டுபோவான் என்று பதினான்கு பேரும் நிம்மதியாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். என் வீட்டை விற்கலாமா வேண்டாமா என்கிற ஓட்டை, என் வீட்டு வாசலில், என் சாவிக்கு மட்டும் திறக்கிற பெட்டியில் போட்டிருக்கிறார்கள். ஐந்து ஓட்டு வித்தியாசத்தில் தீர்ப்பு. என் கையில் பதினான்கு ஓட்டு. இதை நான் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தால், 'தோற்ற மறுநாளே இவனுக்கு மட்டும் பெட்டியிலிருந்து பதினான்கு ஓட்டு முளைத்ததாக்கும்' என்று கேட்பார்களா மாட்டார்களா? கொடுக்காவிட்டால் ஓட்டை ஒளித்தவன். கொடுத்தால் ஓட்டைத் தயாரித்தவன். முதல் மூன்று பெயரைப் படித்தேன், மீதிப் பெயரைத் தெரிந்துகொண்டால் சாட்சி ஆகிவிடுவோம் என்று அப்படியே சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன்.

ஒளித்து வைப்பதில் எனக்கு முன் அனுபவம் கிடையாது. முதலில் கண்ணில் பட்ட இடம் ரொட்டி சுடுகிற அடுப்புச் சூளை, அதற்குள் வைத்தேன். அரை மணி நேரம் கழித்து, சர்ச்சுக்கு வருகிற யாரோ இறந்த வீட்டுக்கு உருளைக்கிழங்கு சுட்டுக்கொண்டு போக வேண்டும் என்று லவோன் சூளையைப் பற்றவைத்திருக்கிறாள். காகிதம் கருகும் வாசனை வந்ததும் நான் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்து கதவைத் திறந்து உறைகளை அள்ளித் துண்டுக்குள் சுருட்டினேன்.

"என்ன ஆரின், என்ன அது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, பழைய தண்ணிச் சீட்டு. காய வெச்சேன்."

"சூளையிலயா?"

"வெயில் இல்லியே."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஆனால் மேலே கேட்கவில்லை. அவளும் பாவம் தன் நிலையில் இல்லை, அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டு உறைகளின் மூலை பழுப்பேறிவிட்டது. அதைவிடப் பெரிய விபத்து, துண்டிலிருந்து ஒரு உறை தரையில் விழுந்து அதன் வாய் திறந்துகொண்டது. கையெழுத்தைப் பார்த்தேன், ஆர்டித் பாமராய். அந்த அம்மாள் ஜென்மத்தில் எந்த உறையையும் நாக்கில் தொட்டு ஒட்டியதில்லை, பசையைக் குதிரைக் குளம்பிலிருந்து எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சும்மா மடித்துத்தான் போடுவார், அவர் வளர்ப்பது குதிரைகள். சீட்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சத்தியமாக நான் இழுக்கவில்லை அத்தான். உள்ளே தள்ளத்தான் குனிந்தேன். தள்ளும்போது கண்ணில் பட்டுவிட்டது. 'ஆம்' என்பதற்கு நேரே பேனாவை அழுத்தி ஒரு பெரிய குறி.

ஆர்டித் பாமராய்! இருபத்திரண்டு வருஷமாக அந்த அம்மாளுக்குச் சனிக்கிழமை கடைசி முறைத் தண்ணீர், சீட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டு நிதானமாக வரட்டும் என்று ஒரு மணி நேரம் பிந்தித்தான் விடுவேன். அவருடைய குதிரைக்குட்டி வாய்க்கால் குழாய்ப் பாலத்துக்குள் போய் மாட்டிக்கொண்டபோது கழுத்தளவு சேற்றில் இறங்கி இழுத்தவன் நான்தான். அன்றைக்கு அழுதுகொண்டே, "ஆரின், நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றார். என்ன பண்ணுவார் என்று இப்போது தெரிந்துவிட்டது, என் வீட்டை விற்பார்.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பயம் இரண்டாகிவிட்டது. ஜெயில் பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். மீதிப் பதின்மூன்று உறைக்குள்ளும் இதே குறி இருந்தால்? வீடு போவது போகட்டும், வேறு கூரை கிடைக்கும். இந்த மனிதர்களின் வயலுக்கு எத்தனை வருஷம் விடியற்காலையில் எழுந்து தண்ணீர் விட்டிருக்கிறேன், இவர்களில் ஒருவர்கூட நான் போக வேண்டாம் என்று நினைக்கவில்லை என்பதை எண்ணிக்கையோடு தெரிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை. எண்ணாமல் இருந்தால் பதின்மூன்று பேரும் என் பக்கம் என்று சாகும்வரை நினைத்துக்கொள்ளலாம் அல்லவா?

புதன் மாலை உறைகளை ஆழ்குளிர்ப் பெட்டியில் எல்க் மான் கறிக்கு அடியில் வைத்தேன். வியாழன் காலை, ஈரம் பட்டு மை கரைந்துவிட்டால் அது தனிக் குற்றமாயிற்றே என்று எடுத்து, வரவேற்பறை நாற்காலியின் மெத்தைக்கு அடியில் பரப்பினேன். பரப்பி நிமிர்கிறேன், வாசலில் ராய்ஸ் ஹம்மெலின் வண்டி. உள்ளே வந்தார், தொப்பியைக் கழற்றினார், வீட்டில் ஆறு நாற்காலி இருக்க நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ராய்ஸ் இருநூற்றைம்பது பவுண்டு மனிதர். காகிதம் நொறுங்கும் சத்தம் சமையலறை வரை கேட்டிருக்கும்.

"என்னப்பா ஆரின், நாற்காலி பேசுதே?"

"பழசு தலைவரே. எங்கள மாதிரி."

"அப்படிச் சொல்லாதப்பா, எனக்குக் கஷ்டமா இருக்கு." உண்மையிலேயே அவர் முகம் கஷ்டமாகத்தான் இருந்தது. லவோன் கொண்டுவந்து வைத்த ஹக்கிள்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பணியாரத்தில் இரண்டு துண்டு தின்ற பிறகும் அந்தக் கஷ்டம் போகவில்லை. "மார்ச் வரைக்கும் தாராளமா இரு. பாய்சி நகரத்திலேருந்து ஒருத்தர் வந்து பார்த்தார். வாரக் கடைசில வந்து தங்குறவங்களுக்கு வாடகைக்கு விடப் போறாராம். வாய்க்கால் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்குறதுக்கு ஆளுங்க காசு குடுப்பாங்களாமே."

"அதுக்கு எனக்கு வாரியம் காசு குடுத்துச்சு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை அவர் அசையும்போதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு ஜன்னல்களை அளந்தார், அளவை எழுதிக்கொண்டார், வாசல்வரை போனவர் திரும்பி நின்று, தொண்டையைச் செருமி, "ஆமா, அந்தச் சீட்டுப் பெட்டில ஏதாவது கிடந்துச்சா?" என்று கேட்டார்.

அத்தான், அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். "எலி," என்றேன். "எலியா?" "எலிதான். குடும்பத்தோட." அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை, பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஜெயிலில்தான் போய் முடிகிறது.

அவர் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, ஷெரீப் ஆபீஸ் வண்டி வந்து நின்றது. புதிதாக வந்திருக்கிற அந்த உயரமான துணை ஷெரீப் இறங்கி வந்தான். நான் தாழ்வாரத்தில் இருந்தேன். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

"நான் தொறக்கல!" என்றேன்.

"எதை சார்?"

எதை என்று சொல்ல வேண்டுமே. "கோழிக்கூட்ட," என்றேன்.

"தொறந்தாத்தானே சார் முட்டை எடுக்க முடியும்? ரெண்டு டஜன் வேணும்னு லவோன் அம்மாகிட்டச் சொல்லியிருந்தேன்." முட்டையை வாங்கிக்கொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, "உடம்பு சரியில்லயா சார்? கைய எறக்கிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனான். இதெல்லாம் நடித்து வேவு பார்க்கிற வகையா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எரித்துவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. ஆனால் எங்கள் குப்பை எரிக்கிற பீப்பாய் சாலையிலிருந்து பார்த்தால் தெரியும், எரிக்க அனுமதிச் சீட்டு வேறு வாங்க வேண்டும், 'என்ன எரிக்கப் போகிறீர்கள்' என்ற கட்டத்தில் நான் என்ன எழுதுவேன்? மேலும், எரிக்கலாம் என்று நினைத்த உடனேயே அந்த மூன்று பெயர்களும் கண்முன் வந்து நின்றன. நடுங்குகிற கையால் கையெழுத்துப் போட்டிருந்த ஒருவருக்குத் தொண்ணூறு வயசு இருக்கும். அவர் வாசலிலிருந்து என் பெட்டிவரை நடந்து வந்து போட்டிருக்கிறார். எப்படி எரிப்பது? மறுபடி கறிக்கு அடியிலேயே வைத்துவிட்டேன், இம்முறை ரொட்டிப் பைக்குள் போட்டு.

லவோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு இந்த அதிர்ச்சியில் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று பயப்படுகிறேன். அழவில்லை, புலம்பவில்லை. புதன்கிழமையே அட்டைப் பெட்டிகளை இறக்கிச் சாமான் கட்ட ஆரம்பித்துவிட்டாள், கட்டும்போது பாட்டு முணுமுணுக்கிறாள். ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று மேலே எழுதுகிறாள், 'தட்டு', 'போர்வை', 'ஆரின் குப்பை' என்று. ஒன்றில் 'கடல்' என்று எழுதியிருந்தது. திறந்து பார்த்தேன், உங்கள் ஒரெகன் கடற்கரை வரைபடம் ஒன்று, ஒரு வைக்கோல் தொப்பி, விலைச்சீட்டுக் கிழிக்காத ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கல்யாணம் ஆன புதிதில் கடல் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்தான். இதுவும் தண்ணீர்தானே என்று வாய்க்காலைக் காட்டினேன், அப்போது சிரித்தாள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தண்ணீரை விட்டுவிட்டு நான் எங்கே போவது, குளிர்காலத்தில் மலைப்பாதை மூடிவிடும், நீங்களும் அங்கே குடியேறிய பதினோரு வருஷமாக வா வா என்கிறீர்கள். அதெல்லாம் அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். துக்கம் முற்றினால் பழைய ஆசையெல்லாம் மேலே வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவள் முன்னால் நான் பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்குக் கஷ்டத்தைச் சொல்லக்கூடாது.

ஆகவே அத்தான், உங்களைக் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒட்டின ஓட்டு உறையைக் கறிக்கு அடியில் வைத்திருப்பதற்கு எத்தனை வருஷம், ஒட்டாத உறையில் தெரியாத்தனமாகக் கண் பட்டதற்குத் தனி வருஷமா அல்லது சேர்த்துத்தானா, இந்த வயதில் ஜாமீன் கொடுப்பார்களா, எல்லாம் விவரமாக எழுதவும். எந்த வழக்கும் வராமல் மார்ச் மாதம் வந்துவிட்டால், உங்கள் வண்டிக் கொட்டகைக்கு மேலே இருக்கிற அறையில் எங்களுக்கு இடம் கொடுக்க முடியுமா? கடல் இரைச்சலில் எனக்குத் தூக்கம் வராது, அந்த ஈரக்காற்று என் நெஞ்சுக்கு ஆகாது, மீன் வாசனை பிடிக்காது, ஆனாலும் லவோனுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஒரு கூரை வேண்டும். எனக்கு என்ன வந்தாலும் சரி.

நடீன் அக்காவிடம் எதையும் சொல்ல வேண்டாம், எல்லோரும் சௌக்கியம் என்று மட்டும் சொல்லுங்கள். அக்காவின் முட்டி விரைவில் குணமாகவும், உங்கள் கூரை இந்த மழைக்கு ஒழுகாமல் இருக்கவும், உங்கள் பிள்ளைகள் ஒருவரும் அரசாங்கப் பெட்டி எதற்கும் சாவி வைத்திருக்காமல் நூறு வயது வாழவும் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் அன்புக்கும், இனிமேல் உங்கள் இரக்கத்துக்கும் உரிய,
ஆரின்

பின்குறிப்பு. சனிக்கிழமை மாலை.

இதைத் தபாலில் போடுவதற்குத் தபால்தலை இல்லை, வாங்கிவர ஊருக்குள் போனேன். அதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம்.

நேற்று மதியம் லவோன் கறி எடுக்கப் போய் ரொட்டிப் பையை எடுத்திருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை, கேட்கவில்லை. பதினான்கு உறைகளையும் பணியாரக் கூடையில் வைத்து, தானே வண்டியை எடுத்துக்கொண்டு நேரே வாரிய ஆபீசுக்குப் போய் ராய்ஸ் ஹம்மெலின் மேஜைமேல் கூடையோடு வைத்துவிட்டாள். "தண்ணிப் பெட்டில கெடந்துச்சு. ஆரின் பயந்து போய் ஒளிச்சு வெச்சுட்டான். எண்ணுங்க," என்றாளாம். அப்புறம் ராய்ஸ் சிவந்துபோய், "அதுல என்னோடதும் இருக்கணுமே," என்றாராம்.

இருந்தது. மூலை கருகின இரண்டில் ஒன்று தலைவருடையது. வியாழக்கிழமை அந்த மனிதர் தன் சொந்த ஓட்டின்மேல்தான் உட்கார்ந்து பணியாரம் தின்றிருக்கிறார். பதினான்கு பேரையும் வரவழைத்துக் கேட்டார்கள், எதற்காக அந்தப் பெட்டியில் போட்டீர்கள் என்று. பதினான்கு பேரும், "வேற எங்க போடுவாங்க?" என்று கேட்டவர்களையே திருப்பிக் கேட்டார்களாம். வாரியத்தின் பெயர் எழுதின பெட்டி வாரியத்தின் பெட்டிதான், கெடுவுக்கு முன்னால் போட்டது போட்டதுதான் என்று வாரியத்து வக்கீலும் சொல்லிவிட்டார். இன்று காலை எல்லோர் முன்னாலும் பிரித்து எண்ணினார்கள். ஆம் ஒன்று. இல்லை பதின்மூன்று. கூட்டிப் பார்த்தால் ஆம் இருபத்துமூன்று, இல்லை முப்பது. வீட்டை விற்கக்கூடாது.

அந்த ஒரே 'ஆம்' யாருடையது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆர்டித் பாமராய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள விட்டு உன்ன அனுப்பிடுவோமா ஆரின்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நன்றி அம்மா என்றேன். ராய்ஸ் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு மாதமாக விற்க வேண்டும் விற்க வேண்டும் என்று மேடை போட்டுப் பேசிவிட்டு, தனியாக இருக்கும்போது 'இல்லை' என்று குறி போட்ட மனிதர் அவர். நான் காட்டிக்கொடுக்கவில்லை. ஒளித்து வைத்ததற்காக என்னை ஒரு வார்த்தை சொன்னார், "அடுத்த தடவை எலி இருந்தா எங்கிட்டச் சொல்லுப்பா," அவ்வளவுதான். பதின்மூன்று பேர் அத்தான்! வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்து, "பெட்டியெல்லாம் பிரிச்சிரு லவோன், நாம எங்கயும் போகல!" என்று கத்தினேன். லவோன் 'கடல்' என்று எழுதின அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நான் ஆமாம்னு போட்டேன், ஆரின்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "எதுக்கு?"

"வீட்ட விக்கிறதுக்கு. மொத ஆளா, தபால்ல போட்டேன். முப்பத்தொரு வருஷமா விடியுறதுக்கு முன்னாடி போன் அடிக்குது. ஒரு நாளாவது நாலு மணிக்கு மேல தூங்கியிருக்கேனா? ஒரு கோடை, ஒரே ஒரு கோடை எங்கயாவது கூட்டிட்டுப் போயிருக்கியா? வீடு போனாத்தான் நீ இந்த வாய்க்கால விடுவேன்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்கு அந்த உறைய எல்லாம் கொண்டுபோய்க் குடுத்த? கறிக்கு அடியில அப்படியே விட்டிருந்தா உன் இஷ்டப்படியே நடந்திருக்குமே?"

"அது அவங்க ஓட்டு. ஒளிச்சு வெக்கலாமா?" என்றாள். எழுந்து, பெட்டியிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டே, "ஊருல அறுபத்தொரு பேரு என்ன நெனக்கிறாங்கன்னு நீ செத்துப் பொழச்சியே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை அத்தான். பதினேழில் ஒன்று லவோனுடையது, அது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரியும் என்று மேலே எழுதியிருக்கிறேன், அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். இப்போ என்ன பண்ணச் சொல்ற லவோன் என்று கேட்டேன். அவள் அந்த ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே சொன்னாள், "வீட்ட விக்கத்தான் ஓட்டு வேணும். நீ வேலைய விடுறதுக்கு யாரு ஓட்டும் வேண்டாம். நான் வெள்ளிக்கிழமை நடீன் வீட்டுக்குக் கிளம்புறேன். வரியா இல்லியா, நீயே சொல்லு."

ஆகவே அந்த அறையைத் தயார் செய்து வையுங்கள். ஒருவருக்கா இருவருக்கா என்பதுதான் இதை எழுதும்வரை முடிவாகவில்லை. பதினான்கு உறை வீட்டில் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. ஆனாலும் இன்று பிற்பகல் வாரியத் தலைவருக்கு ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். நாலு வரி. உறையில் வைத்து, நன்றாக ஒட்டி, வெளியே கையெழுத்தும் போட்டு, முறைப்படி வாசலில் உள்ள தண்ணீர்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, போட்டாச்சு என்று லவோனிடமும் சொன்னேன். அது பொய் இல்லை. ஏப்ரலில் பெட்டியைத் திறக்கும்போது ஆபீசில் சேர்த்துவிடலாம் என்றிருந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறைக் கதவு திறக்கிறது. ஜன்னல் வழியாகத் தெரிகிறது, லவோன் ரப்பர் செருப்போடு பனியில் நடந்து வாசலுக்குப் போகிறாள். ஆணியில் மாட்டியிருந்த பெட்டிச் சாவியைக் காணோம்.